எதிர்ச்சாரிக் கண்ணீர்

செங்காட்டுப்பாளையத்துச் சாயக்கார வீதியில், தெற்குச்சாரியில் ஒருவர் அழுதால் கண்ணீர் வடக்குச்சாரியில் யாரோ ஒருவர் கண்ணிலிருந்தும், வடக்கே ஒருவர் அழுதால் தெற்கே யாரோ ஒருவர் கண்ணிலிருந்தும் வழியத் தொடங்கியபோது, பிலோமினா அங்கே மாடி அறை ஒன்றில் குடிவந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

தெற்கே ஊர்க்காரர்கள். ஓட்டு வீடு, மச்சு வீடு, வாசலில் கோலம், கோலத்தின் மேல் நிறுத்திய வண்டி. வடக்கே, முன்னொரு காலத்தில் சாயப்பட்டறை இருந்த இடத்தில் தகரம் வேய்ந்து வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள், அவற்றில் ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஆணும் பெண்ணும். நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு ரோடு, ரோட்டோரத்தில் இரண்டு சாரிக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில்தான் சண்டை வரும், அதைத் தவிர வேறு எதற்காகவும் இந்தச் சாரி அந்தச் சாரியோடு பேசியதில்லை.

பிலோமினா வந்தது அதற்காகத்தான். இரண்டு சாரியின் பழக்கவழக்கங்களும் எங்கெங்கே முட்டிக்கொள்கின்றன என்று ஆராய்ந்து, உறவு மேம்பட வழி சொல்லும்படி ஓர் ஆய்வு நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. அவளைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்குக் கிடைத்திருக்கவே மாட்டார். மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவள், ஒடிசாவில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு மொழியிலும் கோபப்படத் தெரிந்தவள். கணவன் திபாகர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் ஊர் வீட்டு முற்றத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது, பெண்கள் ராகம் இழுத்து அவன் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லிச் சொல்லி அழ, அந்த ராகத்தில் எந்த இடத்தில் தன் குரலைச் சேர்ப்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றாள் அவள். மருமகள் கண்ணில் பொட்டு ஈரமில்லை என்று மாமியார் சொன்னதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அவளுக்கு ஒடியா தெரிந்திருந்தது. மணப்பாட்டிலிருந்து யாரும் வரவில்லை. பிறகு அவள் ஊருக்குப் போனபோது அங்கே எல்லோரும் அழுது முடித்தவர்கள்போல, அதாவது அழ ஆரம்பிக்கவே இல்லாதவர்கள்போல, காப்பி கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அழுகிற இடம் அந்த ஊரிலும் இல்லை, இந்த ஊரிலும் இல்லை என்றானபின் அழுகையும் போய்விட்டது என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

சாயக்கார வீதியில் அது முதலில் தெரிந்தது தெய்வாத்தாளுக்கு. தெற்குச்சாரி முனையில் இட்லிக்கடை வைத்திருப்பவள், மகன் பூபதியைத் தனியாக வளர்த்தவள், மனசில் எந்தக் குறையும் இல்லாமல் தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாய் நெடி என்று முகம் கழுவினாள். கழுவ முடியாத தண்ணீராக அது வந்துகொண்டே இருந்தது. அதே நேரத்தில் எதிரே குழாயடியில், ஊரிலிருந்து வந்த போனைக் காதில் வைத்தபடி நீலமணி நாயக் என்கிற டெய்லர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றான். அவன் தாய் செத்துப்போயிருந்தாள். அவன் தோள் குலுங்கியது, நெஞ்சு விம்மியது, கண் மட்டும் சுண்ணாம்புச் சுவர்போல வறண்டு கிடந்தது. தெய்வாத்தாள் கரண்டியும் கையுமாக ரோட்டைத் தாண்டிப் போய் அவனை ஒருமுறை பார்த்தாள், தன் முந்தானையை ஒருமுறை பார்த்தாள்.

"ஏனப்பா, இது உன்றதா?" என்றாள்.

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினான்.

அதற்குப்பிறகு வீதி அதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், காலங்காலமாக அப்படித்தான் நடந்துவந்தது என்று தோன்றும். கண் டாக்டரிடம் போனவர்கள் சொட்டு மருந்தோடு திரும்பி வந்து, அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். கோயில் பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, தானும் துண்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெற்கே குழந்தை விழுந்தால் வறண்ட கண்ணோடு வீல் என்று கத்தும், வடக்கே மீசை வைத்த கட்டிங் மாஸ்டர் கண்ணில் மாலை மாலையாக வழியும், தாய்மார்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். தெற்குச்சாரியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோது, காரில் ஏறிய பெண்ணும் வழியனுப்பிய வீட்டாரும் துளிக் கண்ணீர் இல்லாமல் தேம்ப, எதிரே ஷிஃப்ட் முடிந்து சோறு வடித்துக்கொண்டிருந்த ஆண்கள் நாலுபேர் தாங்க முடியாமல் கண்ணீர் விட்டார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா லட்டுப் பொட்டலத்தோடு போய், "நல்லா அழுதீங்க தம்பி, மனசு நெறைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கு ஒரு வழக்கமுறை என்று ஏற்பட்டது. கண்ணீர் யாருக்கு வந்ததோ அவர் கைவேலையை முடித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய், அழுகைக்கு உரியவரைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் நின்று, "உங்க அழுகை எங்கிட்ட வந்துச்சுங்க" என்று சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். துக்கப்படுகிறவர் பேசுவார், கண்ணீர்க்காரர் அழுவார். அப்படிக் கொஞ்சநேரம் இருந்தால் இரண்டுபேருக்கும் இறங்கிவிடும். ஒருவருடைய அழுகை எப்போதும் ஒரே ஆளைத்தான் தேடிப் போனது என்பதால் போகப்போக வீடும் பெயரும் பழகிவிட்டன. வடக்குச்சாரிக்காரர்கள் தவறில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியமே அதுதான். ஊர்க்காரர்களுக்கு அழாதே என்பதற்கு ஒடியாவில் என்ன என்று தெரிந்துபோயிற்று.

முணுமுணுத்தவர்களும் உண்டு. முன்னாள் கவுன்சிலர் கருப்பணன், "நம்ம கண்ணுத் தண்ணிய அவனுங்களுக்கு நாம ஏனுங்க செலவழிக்கோணும்?" என்று குழாயடியில் கூட்டம் போட்டுப் பேசினார், பேசும்போதே அவர் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தாரையாக வழிந்தது. எதிரே எவனோ ஒருவனை ஊரில் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருந்தாள், அவன் வருத்தமெல்லாம் கருப்பணன் தலையில் வந்து விடிந்தது. பிறகு ஒருநாள் அவர் அவன் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்துக் கேட்டவர்களிடம், சும்மா அந்தப் பக்கம் போனேன் என்றார்.

பூபதி விஷயம்தான் பெரிதாகியிருக்க வேண்டியது. செல்போன் காணாமல் போனதென்று பூபதியும் அவன் கூட்டாளிகளும் நீலமணியைப் பிடித்து வீதிக் கோடியிலிருந்த ரைஸ்மில் சுவரோடு வைத்து அடித்தார்கள். அடிபட்டவன் கண்ணில் ஒன்றுமில்லை, அது அவர்களுக்கு இன்னும் வெறியேற்றியது. இட்லிக்கடையில் தெய்வாத்தாளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. மாவுக் கையோடு ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கி உள்ளே போய் மகனுக்கு முன்னால் நின்று தன் முகத்தைக் காட்டினாள், அவ்வளவுதான். கன்னம், கழுத்து, ரவிக்கை எல்லாம் நனைந்திருந்தது.

"அடிடா," என்றாள். "நீ அடிக்கற ஒவ்வொன்னும் எங்க வந்து சேருதுன்னு பாத்துக்கிட்டே அடி."

பூபதி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். செல்போன் பிற்பாடு கூட்டாளி ஒருவன் வண்டி சீட்டுக்கடியில் கிடைத்தது. அதன்பிறகு பூபதி நீலமணி இருக்கிற பக்கம் தலைநிமிர்ந்து பார்க்கப் பலநாள் ஆயிற்று.

இதையெல்லாம் பிலோமினா கிட்டே இருந்து பார்த்தாள். தெற்கே போய்த் தமிழில் கேட்டாள், வடக்கே போய் ஒடியாவில் கேட்டாள், இரண்டு பக்கமும் அவளுக்கு டீ கொடுத்தார்கள். தெற்கே அவள் பெயர் டீச்சர், யாருக்கும் பாடம் நடத்தாவிட்டாலும். வடக்கே அபா, அக்கா என்று பொருள். அவள் அறை தெற்குச்சாரி மாடியில்தான், ஆனால் அவள் தெற்குச்சாரிக்காரியில்லை. எதிர்ச்சாரியிலிருந்து யாருடைய கண்ணீரும் அவளுக்கு வந்ததில்லை. வீதி முழுக்க ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் போய் நிற்கிற சாயங்காலங்களில் அவள் வாசலில் மட்டும் யாரும் வந்து நின்றதில்லை. ஆராய்ச்சி செய்ய வந்தவளை அது தொடாது என்றுதான் அவளும் வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, அவற்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, விளக்குப் போடாமல், எதிர்ச்சாரித் தகரத்தில் வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவள் எதைப்பற்றியும் நினைப்பதில்லை. திபாகர் சட்டையை மடிக்கிற விதம் மட்டும் சிலசமயம் வந்து போகும்.

வடக்குச்சாரியில் சுகாந்தி பெஹெரா என்று ஒருத்தி. செக்கிங் பிரிவில் வேலை, பனியனை வெளிச்சத்துக்கு நேரே விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. அதற்குக் கண்தான் முதல். சுகாந்திக்கு ஒவ்வொருநாளும் சாயங்காலம் விளக்குவைக்கிற நேரத்தில் கண்ணீர் வந்தது. விம்மலோடு பொங்கி ஓய்கிற அழுகையாக இல்லாமல், கசிகிற குழாய்போலச் சத்தமில்லாமல், நிற்காமல், பொழுது நன்றாக இருட்டும்வரை அது வந்தது. தெற்குச்சாரியில் யாரோ தினமும் அழுகிறார்கள். யார் என்று தெரியவில்லை. அவள் தெற்கே ஊர்க்காரர் வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் போய் நின்று, "உங்க அழுகை எங்கிட்ட வந்துச்சுங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். எல்லோரும் யோசித்துப் பார்த்து, எங்களுதில்லையே கண்ணு என்று சொல்லி, சாப்பிட ஏதாவது கொடுத்து அனுப்பினார்கள்.

மாலை ஷிஃப்ட் வருகிற வாரங்களில் அவள் கையில் விரித்த வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. கறை கண்ணில் படாமல் விட்ட சரக்கு இரண்டுமுறை திரும்பி வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள் இது நிற்காவிட்டால் ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டார். ஊரில் அவளுக்கு இருந்தது புயலில் போன ஒரு வீட்டின் தரை மட்டும்தான்.

"அபா, நீங்கதான் எல்லா வீட்டுக்கும் போறீங்க," என்று அவள் குழாயடியில் பிலோமினாவிடம் ஒடியாவில் சொன்னாள். "யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. நான் திட்ட மாட்டேன். பக்கத்துல உக்காந்தா இறங்கிடும்ல, அதுக்குத்தான்."

பிலோமினா தேடினாள். தெற்குச்சாரியில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பேச்சு நின்றுபோன தம்பதிகள், தோற்றுப்போன தறிக்காரர்கள், எல்லோருக்கும் எதிரே ஒரு கண்ணீர்க்காரர் ஏற்கெனவே இருந்தார், பெயரோடு சொன்னார்கள்.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் பாக்கியில்லீங் டீச்சர்," என்றாள் தெய்வாத்தாள், இட்லித் துணியைப் பிழிந்துகொண்டு. "பாவம் அந்தப் புள்ள. எவளோ சொல்ல மனசில்லாம உள்ளயே வெச்சுட்டு இருக்கறா."

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் பிலோமினா, உண்மையிலேயே அந்த ஒருத்திமேல் கோபத்தோடு.

இடையில் நிறுவனத்துக்காரர்கள் அவளைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வேறுபாடுகள் என்ற தலைப்பில் அவள் எழுதியதைப் பாராட்டினார்கள்: உணவு, உடை, சத்தமாகப் பேசுவது, தண்ணீர் பிடிக்கிற வரிசை. கண்ணீர் விஷயத்தை அவள் சொன்னபோது, தலைவர் கொஞ்சநேரம் பேனாவை உருட்டிவிட்டு, அதை மற்ற ஊர்களுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாதே, அடிக்குறிப்பில் போட்டுவிடலாம் என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். பிலோமினா ஹோட்டல் அறையில் தங்கி, மறுநாள் மாலை பஸ்ஸில் ஏறி, விடிந்தபின் வீதிக்கு வந்து சேர்ந்தாள்.

குழாயடியில் சுகாந்தி குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவள் அப்படிச் சிரித்து பிலோமினா பார்த்ததில்லை.

"அபா, நின்னுடுச்சு! ரெண்டு நாளா ஒரு சொட்டு இல்லை! நீங்க கிளம்பிப் போன அன்னிக்கே நின்னுடுச்சு!"

பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். தெய்வாத்தாள் கடையிலிருந்து, ஆத்தா கண் திறந்துட்டா என்று கத்தினாள். பிலோமினாவும் சிரித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது பாதிவழியில் நின்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் விளக்குப் போடாமல் ஜன்னலை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். எதிரே அறைவாசல் படியில் சுகாந்தி வேலைக்குப் போகாத நாளின் நிம்மதியோடு தலைவாரிக்கொண்டிருந்தாள். பிலோமினா தட்டைக் கழுவினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது சுகாந்தியின் கை சீப்போடு நின்றுபோயிருந்தது. புறங்கையால் ஒரு கன்னத்தைத் துடைத்தாள், பிறகு மறு கன்னத்தை. சிரித்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோயிற்று.

பிலோமினா தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று வருஷமாக இருந்த மாதிரியே உலர்ந்திருந்தது.

அதற்குப்பின் சில நாட்கள் அவள் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்தபின் சொல்லாமல் இருப்பது தெரியாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஆனால் சொல்வதை நினைத்தால் அதைவிடக் கஷ்டம். இந்த வீதியில் எல்லோருக்கும் எதிரே போய் உட்கார்ந்து, சொல்லுங்கள், உங்களுக்கு என்ன துக்கம் என்று கேட்டவள் அவள். அவளிடம் யாராவது கேட்டால் எந்த மொழியில் ஆரம்பிப்பது? தமிழில் திபாகரைப் பற்றிச் சொன்னால் அவன் வேறு யாரோபோல ஆகிவிடுவான். ஒடியாவில் சொன்னால் அவள் வேறு யாரோபோல ஆகிவிடுவாள். அவர்கள் இருவரும் வீட்டுக்குள் பேசிக்கொண்டது இரண்டும் கலந்த ஒரு பாஷை, பாதி வாக்கியம் அங்கே தொடங்கி மீதி வாக்கியம் இங்கே முடியும், அதைப் பேசுகிற ஆட்கள் உலகத்திலேயே இரண்டுபேர்தான் இருந்தார்கள், இப்போது ஒருத்தி. அதனால் அவளுக்குத் தோன்றிய வழி சுலபமானது. தான் போய்விட்டால் அந்தப் பெண்ணின் கண் காய்ந்துவிடும். சென்னைக்குப் போனபோது அதுதானே நடந்தது.

மாசக் கடைசி நெருங்கியபோது அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி, கிளம்பினாள். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட நினைத்திருந்தாள். ஆனால் ஆட்டோ வரத் தாமதமாகி, பெட்டியோடு வாசலில் இறங்கி நின்றபோது தகரங்களின்மேல் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எதிரே சுகாந்தி குடத்தோடு வந்தாள். ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள், அதைப் பொருட்படுத்தாமல் தண்ணீர் பிடித்தாள், ஒரு கையால் குழாயைத் திருகி ஒரு கையால் முகத்தைத் துடைத்தபடி.

"அபா, ஊருக்கா?"

"ஆமா."

"திரும்பி வருவீங்களா?"

பிலோமினா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். சுகாந்தியின் கண்ணில் பெருக்கு திடீரென்று கூடியது. அவளே திடுக்கிட்டு முந்தானையை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"ஐயோ, இன்னிக்கு என்ன இப்படி வருது," என்றாள் துணிக்குள்ளிருந்து. "யாருக்கோ ரொம்ப முடியலை அபா. யாருன்னே தெரியலை. தனியா இருக்காங்கபோல. தனியா இருக்கிறவங்க அழுகை இப்படித்தான் இருக்கும், சத்தமே இருக்காது, எனக்குத் தெரியும். போறதுக்கு முன்னாடி ஒருதடவை தேடிப் பாருங்களேன்."

ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. பிலோமினா பெட்டியைக் கீழே வைத்தாள். ரோடு நடுவில் ஒரு லாரி போகிற அகலம்தான், அவள் எத்தனையோ தடவை கேள்விகளோடு தாண்டிய அகலம், அன்றைக்குக் கேள்வி எதுவும் இல்லாமல் தாண்டினாள். குழாயடியில் வழிகிற குடத்துக்கு இந்தப் பக்கம் நின்று, வீதி முழுக்கச் சொல்கிற வாக்கியத்தைத் தலைகீழாக்கி, ஒடியாவில் சொன்னாள்.

"என் அழுகைதான் உன்கிட்ட வந்துச்சு."

சுகாந்தி முந்தானையை இறக்கிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அந்த வீதியில் யாரும் எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. குழாயை மூடினாள், பிலோமினாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அறைவாசல் படியில் உட்காரவைத்தாள், அடுப்பில் பாலில்லாத டீ வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டோக்காரனிடம் தெய்வாத்தாள் போய் ஏதோ சொன்னாள், அவன் போய்விட்டான். பெட்டியை பூபதி தூக்கிக் கடைக்குள் வைத்தான்.

"யாரு?" என்று கேட்டாள் சுகாந்தி.

"என் வீட்டுக்காரர்."

"பேர் சொல்லலாமா?"

"நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். திபாகர்."

"எந்த ஊர்?"

ஊரைச் சொன்னாள். சுகாந்தி தலையசைத்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் தெரியும், ஆற்றுக்கு அக்கரை. "எப்படிப்பட்ட ஆளு?"

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிலோமினா வாயில் வந்ததைச் சொன்னாள். கல்யாணமான முதல் வெயில்காலத்தில் அவன் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்து சாப்பிட்டதைப் பார்த்து, இது எங்க ஊர் சாப்பாடு என்று அவள் சொன்னதும், இல்லை எங்க ஊர் சாப்பாடு என்று அவன் சொன்னதும், இரண்டுபேரும் அதற்காகப் பேசாமல் இருந்து, சாயங்காலம் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டதும். அவன் சட்டையை மடிக்கும்போது காலரை ஒருமுறை தட்டுவான். மழை வந்தால் அவளை எழுப்புவான், காரணமே இல்லாமல், மழை வருது பார் என்று சொல்வதற்காக மட்டும். ஒடியாவில் ஆரம்பித்தது நடுவில் தமிழாகிவிட்டதையும், தமிழ் மறுபடி ஒடியாவாகிவிட்டதையும், ஒரு வாக்கியம் அங்கே தொடங்கி இங்கே முடிந்ததையும் அவள் கவனிக்கவில்லை. சுகாந்தி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தாள். எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவள் கண்ணிலிருந்து மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பிலோமினா பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். மூக்குநுனி சிவந்து, கீழுதடு லேசாக இழுத்துக்கொண்டு, கன்னத்தில் இரண்டு கோடுகள். திபாகருக்காக ஒருவர் அழுகிற முகம். தூணோரம் நின்ற அன்றைக்கு யாராவது அவளை நிமிர்ந்து பார்த்திருந்தால் அவள் முகமும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.

அவள் தன் முந்தானையை எடுத்தாள். முதலில் ஒரு கன்னம், பிறகு மறு கன்னம், தாடையில் தொங்கிய சொட்டு, கழுத்துவரை இறங்கியது எல்லாவற்றையும், அவசரமில்லாமல், துடைத்தாள். சுகாந்தி குழந்தைபோல முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் மறுபடி நனைந்தது. பிலோமினா மறுபடி துடைத்தாள்.